எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சிக்னல்

மகள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு சாமானும் ஒரு சின்ன ரிமோட்டும் இரண்டு ஒயர்களும் இருந்தன. அதற்கு ஸ்டிக் என்று பெயராம். டிவியின் பின்னால் சொருகினால் பாட்டு, படம், எங்கோ நடக்கிற கூட்டம் எல்லாம் நம் வீட்டு டிவியிலேயே வரும் என்று போனில் சொல்லியிருந்தாள். நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அதில் அவள் முதலில் வாங்கியது இதைத்தான். அம்மாவுக்குப் படம், நைனாவுக்குப் பாட்டு என்றாள்.

எங்கள் வீட்டில் இருந்தது பழைய பெட்டி டிவி. சுவரோரத்திலிருந்து அதை இழுத்து, பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்டமான துளைகள் இருந்தன. ஸ்டிக்கின் முனை தட்டையாக இருந்தது. எந்தத் துளையிலும் அது சேரவில்லை. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். தெரியாத பொருள் ஒன்று முன்னால் வந்தால் தப்பு என்னிடம்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதனால் நெடுநேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "அத்த ஒடச்சி வெக்காதீங்க, கொழந்த மொத மொத வாங்கினது" என்றாள். அதைப் பழையபடி அட்டைப்பெட்டியில் போட்டு, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். மகளிடம், நன்றாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டேன்.

அப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை. அவள் படிப்பு முடிகிற விழா ஆடித் திருவிழா கழிந்த பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். நானும் மனைவியும் இறங்கிப் போய் நேரிலேயே பார்ப்பதாக இருந்தோம். புது வேட்டி கூட எடுத்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை எங்கள் வகையறாவுக்கு வந்தது. வகையறாவில் யார் என்று பெரியவர்கள் பேசி என்னைச் சொன்னார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். தலையை ஆட்டினேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். காப்புக் கட்டியவன் கரகம் இறக்குகிற நாள் வரை செருப்புப் போடக் கூடாது, ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், அதிலும் உப்புக் கூடாது, எதற்காகவும் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அவன் மனைவி தாண்டலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து கோயிலில் விளக்கு வைக்க வேண்டும். காப்புக்காரன் எல்லை தாண்டினால் விதைத்த சாமை முளைக்காது என்பார்கள். முளைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. தாண்டியவனையும் பார்த்ததில்லை.

கயிறு கட்டிய மறுநாள் மகள் போன் செய்தாள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. வாசலில் நின்றால் நேர் எதிரே எல்லைக்கல் தெரியும், மஞ்சளும் குங்குமமும் பூசி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதற்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரம் கூட இருக்காது, ஒரு மொட்டைப் பாறை. அந்தப் பாறை மேல் மட்டும் சிக்னல் எடுக்கும். ஊரில் யாருக்குப் பேச வேண்டுமானாலும் அங்கேதான் வருவார்கள். நானும் தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் மகளோடு பேசுவேன். பேசுவேன் என்றால், அவள் பேசுவாள், நான் ம் கொட்டுவேன். காப்புக் கட்டிய பிறகு அதுவும் இல்லை. மனைவி பாறை மேல் நின்று பேசுவாள், நான் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு மனைவியின் முகம் மாறியது. காலேஜில் விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். காப்பு இறங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதோடு இன்னொன்று. விழாவில் எல்லாப் பெண்களும் சேர்ந்து உறுதிமொழி எடுப்பார்கள், ஒருத்தி மைக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்த ஒருத்தியாக எங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷ்.

மகள் என்னைப் போல. சின்ன வயதில் விருந்தாளி வந்தால் தானியக் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஹாஸ்டலில் சேர்த்த வருஷம், சாப்பாடு போதவில்லை என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மாதக் கணக்கில் அரை வயிற்றோடு இருந்தவள். அவள் மைக் முன்னால் நிற்கப் போகிறாள். என் வம்சத்தில் யாரும் மைக்கைத் தொட்டதில்லை. அதை நான் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

ஊர்க்கவுண்டரிடம் போய்ப் பேசிப் பாருங்கள் என்றாள் மனைவி. போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விஷயம் காதுக்கு வந்தது என்றார். "அது நம்ம பொண்ணு இல்லியா? நம்ம ஊர்ல இருந்து மொத மொத போன பொண்ணு. ஆனா கட்டின காப்ப நடுவுல அவுக்க நா யாருப்பா, நீ யாரு?" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் எனக்கும் கோபமாவது வந்திருக்கும். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார், குடித்துவிட்டு வந்தேன்.

மனைவி மட்டும் போய்வரலாம் என்றால், காலேஜ் இருக்கிற ஊர் போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். விளக்கு வைக்கத் திரும்ப முடியாது.

விழாவைக் காலேஜ்காரர்களே நேரலையாகப் போடுகிறார்கள், அந்த ஸ்டிக்கில் வரும், வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். அப்போதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

என் மச்சான், மனைவியின் தம்பி, ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். கீழே செங்கத்துக்கும் எங்கள் மலைக்கும் போய்வந்துகொண்டிருப்பவன். அவன் வந்து எங்கள் பெட்டி டிவியைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஸ்டிக்கு சொருவணும்னா மொதல்ல சுத்தியால ஒரு ஓட்ட போடணும்" என்றான். ஊர் நடுவில் இருக்கும் அவன் வீட்டில் தட்டை டிவி இருந்தது. அங்கே போய்ப் பார்க்கலாமே என்றால், சிக்னல் கிடையாது. பாறை மேல் போனை வைத்து அதிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் என் வீட்டு வாசல் வரைக்கும்தான் எட்டும் என்று கணக்குப் போட்டான். கடைசியில் டிவியைக் கம்பளியில் சுற்றி என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். அவள் பார்க்கிற சீரியலில் அந்த வாரம்தான் யாரோ யாரையோ கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அது என்ன ஆனது என்று தனக்கு இனி யார் சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

டிவியைக் கதவுக்கு நேராக, நெல் மூட்டை மேல் வைத்தோம். உள்ளே தள்ளினால் ஹாட்ஸ்பாட் அறுந்துவிடும், வெளியே வைத்தால் மழை. ஸ்டிக் சொருகியதும் திரை வெளிச்சமானது. முதலில் என்ன பாஷை என்று கேட்டது. மச்சான் ஏதோ அமுக்கப் போய் யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு எழுத்து வந்துவிட்டது. அது தெலுங்கா கன்னடமா என்று இன்றைக்கும் தெரியாது. அதிலிருந்து மீள ஒரு சாயங்காலம் போனது. அடுத்த நாள் இங்கிலீஷுக்கு வந்தோம். அதுவும் எனக்கு அந்த எழுத்து மாதிரித்தான். ஆனால் மச்சான் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

பிறகு அது போன் நம்பர் கேட்டது. ரிமோட்டில் எண் கிடையாது, அம்புக்குறி மட்டும்தான். திரையில் இருக்கிற எண்களுக்கு மேல் ஒரு கட்டத்தை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். நான் ஒன்பதுக்குப் போக நினைத்தால் கட்டம் ஆறில் நிற்கும். ஒரு வழியாக நம்பரைப் போட்டதும், அந்தப் போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே போடு என்றது. போன் பாறை மேல் மனைவியின் கையில் இருந்தது. போனை இங்கே கொண்டுவந்தால் சிக்னல் போய்விடும், டிவி நின்றுவிடும். அதனால் அவள் அங்கேயிருந்து கத்த வேண்டும், மச்சான் வாசலில் நின்று கேட்டு உள்ளே சொல்ல வேண்டும், நான் கட்டத்தை நகர்த்த வேண்டும். மனைவி இரண்டாவது வரை படித்தவள், எண் நன்றாகப் படிப்பாள். ஆனால் நான் கடைசி எண்ணுக்குப் போகும்போது நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொல்லும். புதிதாக ஒரு எண் வரும். அவள் மறுபடி கத்துவாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறதாம். பாறையில் இருந்த ஒரு பையன் படித்துச் சொல்ல, மனைவி அதையும் கத்தினாள். "நல்லா கீது. எதுர் மல வரைக்கும் கேட்டுச்சி" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கட்டத்தை நகர்த்தினேன். எத்தனையாவது முறையோ, திரை பச்சையாக ஒரு குறியைக் காட்டியது. மச்சான் ஒரு சினிமாப் பாட்டைத் தேடிப் போட்டான். படம் துல்லியமாக, கண்ணாடியில் பார்ப்பது போல் வந்தது. நான் வாசலுக்குப் போய்ப் பாறையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். மனைவி அங்கேயிருந்தே, பாட்டுக் கேட்கிறது என்று தலையை ஆட்டினாள்.

சந்தோஷம் ரொம்ப நேரம் இல்லை. பாட்டு நின்று நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பாறையில் போன் அடித்திருக்கிறது. அமிர்தி பக்கமிருந்து யாரோ உறவுக்காரர், திருவிழாவுக்கு எப்போது வரட்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் போனின் குணம் அது. யாராவது கூப்பிட்டு எடுத்துப் பேசினால், பேசி முடிக்கிற வரை நெட் நின்றுவிடும். விழா நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்று மச்சான் உறவில் எல்லோருக்கும் சொல்லிவைத்தான். போனைப் பாறை மேல் வைத்துவிட்டு வரவும் முடியாது, குரங்குகள் இருக்கின்றன. ஒரு நாள் குடையையே தூக்கிக்கொண்டு போய்விட்டன. யாராவது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஆகும்.

இவ்வளவு நடந்தும், மகள் கேட்டபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் மனைவி மூலமாகச் சொன்னேன். வீட்டுக்கே நெட் கனெக்‌ஷன் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இருக்கிற பயத்தில் நம் கஷ்டத்தையும் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டோம்.

விழா அன்று காலையில் தூறல். கரண்டு இருந்தது. மனைவி குளித்துவிட்டுப் புதுக் குடையும் போனுமாகக் கிளம்பினாள். போனில் அவளும் அதே விழாவைப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே படம் ஓடினால் இங்கே டிவியில் வட்டம் சுற்றுகிறது, இரண்டுக்கும் சிக்னல் போதவில்லை. முந்தின நாளே அதைப் பார்த்துவிட்டோம். நீ பார், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நான் சொல்ல முடியாது, எல்லை தாண்ட முடியாதவன் நான். மச்சான் பிடிக்கிறேன் என்றான். அவள் கொடுக்கவில்லை. குரங்கு வந்தால் நீ போனைப் போட்டுவிட்டு ஓடுவாய் என்றாள். என்னைப் பார்த்து, "நீங்க பாருங்க. வந்து எனக்கு ஒண்ணு வுடாம சொல்லணும்" என்றாள். ஒன்று விடாமல் சொல்வது எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

நான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே நுழைந்த மச்சான், "இன்னா மாமா, கற்பூரம் ஏத்தலயா?" என்றான். திரையில் பெரிய மண்டபம் தெரிந்தது. யார் யாரோ பேசினார்கள். அவ்வப்போது வட்டம் சுற்றும், ஆட்கள் கையைத் தூக்கியபடியே நிற்பார்கள், பிறகு பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். எனக்கு அதில் குறை இல்லை. மகள் வரும்போது நிற்காமல் இருந்தால் போதும். பிறகு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகப் பெண்கள் வரிசையாக வந்தார்கள், கையில் விளக்கு. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். என் மகள் எங்கே என்று தேடுவதற்குள் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். மேடையில் ஒரு அம்மா உறுதிமொழி என்று ஏதோ சொன்னார். மைக்கை உயரம் குறைத்து வைத்தார்கள். என் மகள் குள்ளம். அவளுக்காகத்தான் குறைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அந்த மைக்கோடு படம் நின்றது. வட்டம் சுற்றியது.

எப்போதும் போலத் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா போனில் பேசுகிறாள் என்றான். நான் எழுந்து வெளியே ஓடினேன். மழையில் எல்லைக்கல் வரைக்கும் போய் நின்றேன். மனைவி பாறை மேல் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்து, தலையைக் குனிந்து எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்து, இரு என்பது போல் உள்ளங்கையைக் காட்டினாள். சரி, சரி என்று அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. யாரோ உறவுக்காரருக்கு வழி சொல்கிறாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் என்ன சொல்வது? வை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது கூட எனக்கு வரவில்லை.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். "தாண்டிப் போ மாமா. பத்து எட்டு. அம்மன் இன்னா டேப்பு புடிச்சினா கீது?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே என் காலைப் பார்த்தான். அவன் ஜீப்பிலும் அதே அம்மன் படம்தான் ஒட்டியிருக்கிறது. கால்களுக்கு முன்னால் அந்தக் கல் இருந்தது, முழங்கால் உயரம். ஆடு தாண்டுகிற கல். எனக்குப் பின்னால் ஊரெல்லாம் சாமை விதைத்திருந்தார்கள். நான் நின்றேன். மஞ்சள் கரைந்து கல்லிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் தான் போய் அக்காவிடம் சொல்வதாகக் கிளம்பினான். பாதி தூரம் போயிருப்பான், மனைவி அவனையும் கையைக் காட்டி நிறுத்தினாள். அவனும் அங்கேயே நின்றுவிட்டான். மூன்று பேரும் மூன்று இடத்தில் மழையில் நின்றோம்.

அவள் போனைக் கீழே இறக்கியதும் நான் வீட்டுக்கு ஓடினேன். இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மழையில் நெட் திரும்பி வர வெகு நேரம் பிடித்தது. பிறகு படம் வந்தது. மண்டபத்தில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் முன்னால் யாரும் இல்லை. அடுத்து ஒரு பெரிய மனிதர் பேச வந்தார். அவருக்கு மைக்கைத் திரும்ப உயர்த்தினார்கள்.

விழா முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு வேளை மறுபடியும் அவளைக் காட்டுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டியிருக்கலாம். எல்லோரும் வெள்ளை.

மனைவி வந்தாள். அவள் புடவையைப் பிழிந்துகொண்டே, கூப்பிட்டது யார் என்று சொன்னாள். மகள்தான்.

மேடைக்குப் போகிற நேரத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லையாம். சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துவிட்டதாம். யாரோ ஒரு தோழியின் போனை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். புது நம்பர் என்பதால் மனைவி முதலில் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடித்ததும் மனசு கேட்காமல் எடுத்திருக்கிறாள். போன் எடுத்தால் டிவி நின்றுவிடும் என்பது மகளுக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்லவில்லையே.

"ஒரு வாட்டி சொல்றேன் கேளும்மான்னா. இங்கிலீசுல சொல்லினே போறா. நா சரியா கீது, சரியா கீதுன்னேன். எனுக்கு இன்னா தெரியும் எது சரின்னு? நடுவுல நின்னுட்டா. மூச்சி வுடு, பொறுமையா சொல்லுன்னேன். அப்றம் சொன்னா. மறுபடியும் மொதல்லேர்ந்து சொன்னா" என்றாள் மனைவி. "வெக்க முடியுமா நானு?" என்று என்னைக் கேட்டாள்.

முடியாது என்று தலையை ஆட்டினேன். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அந்தப் போன் என் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். மகள் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள், நான் ம் என்றிருப்பேன். அப்புறம் இரண்டு பேரும் சும்மா நின்றிருப்போம், அவளை மேடைக்குக் கூப்பிடுகிற வரைக்கும்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வந்த பிறகு மகள் மறுபடி கூப்பிட்டாள். மனைவி பாறையில், நான் கல்லுக்கு இந்தப் பக்கம். மனைவி சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நைனா பாத்துதான்னு கேக்குறா" என்றாள் சத்தமாக.

பார்த்தேன் என்று கையைக் காட்டியிருக்கலாம். மனைவி அப்படியே சொல்லியிருப்பாள், மகளும் நம்பியிருப்பாள். என் கை எழவில்லை. மனைவி காத்துக்கொண்டிருந்தாள். பாறையில் வேறு இரண்டு மூன்று பேர் போனோடு நின்றிருந்தார்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாக்கலம்மா" என்றேன். கேட்கவில்லை என்று மனைவி காதில் கை வைத்தாள். "பாக்கலம்மா" என்று கத்தினேன். என் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. மனைவி போனைத் தூக்கி என் பக்கம் பிடித்திருந்தாள்.

பிறகு மனைவி கேட்டுக் கேட்டுச் சொன்னாள். எங்கேயும் நிற்காமல் சொல்லி முடித்துவிட்டாளாம். அந்த வீடியோ அங்கேயே இருக்குமாம், எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாமாம். நேரலை என்றால் அந்த நேரத்தோடு போய்விடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே போய்ப் பார்க்கலாம் என்றால், மச்சான் மனைவி மத்தியானமே ஆள் விட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவி மட்டும் பாறையில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை.

கரகம் இறங்கிக் காப்பு அவிழ்த்த அன்று, சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் இரண்டு பேரும் பாறைக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போனில் அந்த வீடியோவைத் தேடி, சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டேன், மனைவி தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

மைக்கைக் குறைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக விளக்கேற்றிக்கொள்ள நெடுநேரம் ஆனது. மகள் வந்தாள். உள்ளங்கை அகலத் திரையில் நகம் அளவுக்கு இருந்தாள். ஆனால் நடையைப் பார்த்ததும் தெரிந்தது. மைக்கின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். என் உடம்பெல்லாம் வியர்த்தது. நடந்து முடிந்தது, அவள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தும் வியர்த்தது. பிறகு அவள் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் நடுங்கவில்லை. அவள் ஒரு வரி சொல்ல, மண்டபம் முழுக்கத் திருப்பிச் சொன்னது. அவ்வளவு பேர் என் மகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"இப்ப மூச்சி வாங்குவா பாரு" என்றாள் மனைவி. மகள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப கொஞ்சம் வேகமா போவும்." வேகமாகப் போனது. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு முன்பே அவள் இதைக் கேட்டிருக்கிறாள், மழையில், இரண்டு முறை.

மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்கு மேல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் போனை உயரத் தூக்கினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், இந்தப் பக்கம் திருப்பினேன்.

"ஆட்டாதீங்க" என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு வரிதான் கீது. வரும்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.